கேசட் கடைக்காரனின் கணக்கு

குன்னத்துகாலில் நம் சங்கத்தின் கிளைக் கூட்டம் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை நடப்பது வழக்கம். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முப்பது, முப்பத்தைந்து குடும்பங்கள். சந்தா வசூல், பிள்ளைகளுக்கான தமிழ் வகுப்பு பற்றிய பேச்சு, கடைசியில் சுக்குக் காப்பி. சென்ற கூட்டத்தில் பொங்கல் விழா நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் எழுந்தார். "கோலப்போட்டி, உறியடி எல்லாம் இருக்கட்டும். சாயங்காலம் ஒரு புதுப்படம் போடலாமே. பொங்கலுக்கு ரிலீஸாகும் படம் மறுநாளே பென்டிரைவில் கிடைத்துவிடும். புரொஜெக்டர் என் பொறுப்பு" என்றார். பாதிப்பேர் கைதட்டினார்கள்.

பள்ளி ஆசிரியை ஒருவர் மட்டும், "அது திருட்டுப் படம் அல்லவா? மேடையில் திருக்குறள் சொல்லிவிட்டு அதே மேடையில் அதைப் போடுவதா?" என்று கேட்டார்.

"இதனால் யாருக்கு என்ன நஷ்டம், டீச்சர்? நூறு கோடி, இருநூறு கோடி என்று அவர்களே போஸ்டர் ஒட்டுகிறார்கள். நஷ்டப்பட்டவன் போஸ்டர் ஒட்டுவானா?" என்றார் இளைஞர்.

செயலாளர் என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி சொல்லட்டும். அவருக்குத்தான் இந்த விஷயத்தில் அனுபவம் அதிகம்" என்றார். பழைய ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் நம் இதழில் எழுதுகிறேன்.

அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பது புதிதாகக் குடிவந்த குடும்பங்களுக்குத் தெரியாது. நான் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து 1979இல் இங்கே பாத்திர வியாபாரத்துக்கு வந்தவன். 1986இல் கடையின் ஒரு பக்கத்தைத் தட்டி வைத்து மறைத்து, வீடியோ கேசட் வாடகைக்கு விட ஆரம்பித்தேன். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த டெக் அப்போது தெருவுக்கு ஒன்று இருந்தது. தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமானால் நம்மவர்கள் களியக்காவிளைக்கோ மார்த்தாண்டத்துக்கோ பஸ் ஏற வேண்டும். இரவுக் காட்சி முடிந்தால் திரும்பிவரப் பஸ் கிடையாது. நாள் முழுக்க மலையாளத்தில் வியாபாரம் செய்துவிட்டு, ராத்திரி இரண்டரை மணி நேரம் காதாரத் தமிழ் கேட்பதற்காக எத்தனையோ வீடுகளில் என் கேசட்டுக்குக் காத்திருந்தார்கள். ஒரு கேசட் ஒரு நாளைக்குப் பத்து ரூபாய். அந்தக் கேசட்டுகள் வெளிநாட்டு உரிமைக்காக விற்கப்பட்ட பிரதிகளிலிருந்து எடுத்தவை. சிங்கப்பூர், துபாய் வழியாக வந்து, பிரதிக்குப் பிரதி எடுத்து, நடிகையின் முகம் பச்சையாகவும் மஞ்சளாகவும் தெரியும். எனக்கு யாரும் உரிமை கொடுக்கவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. வீடியோத் திருட்டைத் தடுக்க 1984இலேயே பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள் என்பது எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும். தெரிந்த பிறகும் கடையை மூடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் இன்னொரு விஷயம். என் அக்காள் வீட்டுக்காரர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகையில் ஆபரேட்டர். கார்பன் குச்சி வைத்து எரியும் புரொஜெக்டரில் இருபது வருஷம் படம் ஓட்டியவர். நான் கேசட் கொடுத்துக்கொண்டிருந்த அதே ஜனங்கள்தான் அவர் கொட்டகையின் பெஞ்சு டிக்கெட்டுக்கும் ஆதாரம். அத்தான் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. தீபாவளிக்கு வந்தால் என் கடையிலிருந்தே இரண்டு கேசட் எடுத்துப்போவார்.

இனி கணக்குக்கு வருவோம். படத் திருட்டால் சினிமாவுக்கு நஷ்டமா என்று கேட்டால், சினிமாக்காரர்கள் சொல்லும் தொகை மலைக்க வைக்கும். 2024 அக்டோபரில் இந்திய இணைய, மொபைல் சங்கமும் எர்ன்ஸ்ட் அண்டு யங் நிறுவனமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. 2023இல் இந்தியாவில் திருட்டுச் சரக்கின் மதிப்பு 22,400 கோடி ரூபாய். அதில் தியேட்டர் படங்களின் பங்கு 13,700 கோடி, ஓடிடி தளங்களின் பங்கு 8,700 கோடி. பார்வையாளர்களில் நூற்றுக்கு 51 பேர் திருட்டுப் பிரதி பார்க்கிறவர்கள் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது.

கடைக்காரன் புத்தி, உடனே இன்னொரு தொகையைத் தேடிப் பார்த்தேன். அதே 2023இல் இந்தியா முழுவதும் எல்லா மொழிப் படங்களும் சேர்ந்து தியேட்டர்களில் வசூலித்த தொகை ஓர்மாக்ஸ் நிறுவனத்தின் கணக்குப்படி 12,226 கோடி. அதாவது, கல்லாவில் விழுந்ததைவிடக் கல்லாவுக்கு வராமல் போனது அதிகம்! என் கடையில் பத்து ரூபாய்க்குக் கேசட் எடுத்த எல்லோரும், நான் இல்லையென்றால் கொட்டகைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தால்தான் இப்படி ஒரு கணக்கு வரும். அவர்களில் பலர் போயிருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். பீடி சுற்றிக்கொண்டு, மடியில் பிள்ளையோடு உட்கார்ந்து படம் பார்த்த அம்மாமாருக்கு அந்தக் கேசட் இல்லையென்றால் படமே இல்லை. ஆகவே இந்த மாதிரித் தொகைகளை அப்படியே நஷ்டக் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அளவுக்கு இளைஞர் சொன்னது நியாயம்தான்.

அவருக்குச் சாதகமாக நானே இன்னும் சில உதாரணங்கள் தருகிறேன். நமக்குப் பக்கத்திலேயே நடந்தது 'பிரேமம்' விவகாரம். அல்போன்ஸ் புத்திரன் இயக்கிய அந்தப் படம் 2015 மே மாதக் கடைசியில் வெளிவந்தது. ஜூலைத் தொடக்கத்தில், தணிக்கைக்குக் கொடுத்த பிரதியே இணையத்தில் ஓட ஆரம்பித்தது. மனம் வெறுத்த தயாரிப்பாளர் அன்வர் ரஷீத் திரைப்பட அமைப்புகளிலிருந்தே விலகினார். கேரளப் போலீஸின் திருட்டு ஒழிப்புப் பிரிவு விசாரித்து, தணிக்கை வாரியத்தின் திருவனந்தபுரம் அலுவலகத்தில் வேலை பார்த்த தற்காலிக ஊழியர்கள் மூவரைக் கைது செய்தது. இத்தனைக்கும் பிறகு படம் என்ன ஆயிற்று? மொழிமாற்றம் செய்யாமல் மலையாளத்திலேயே சென்னையில் 200 நாளுக்கு மேல் ஓடியது. தெலுங்கில் 'அத்தாரின்டிகி தாரேதி' படத்தின் முதல் பாதி, ரிலீஸுக்கு முன்பே 2013 செப்டம்பரில் வெளியே கசிந்தது. அவசர அவசரமாகப் படத்தை முன்கூட்டியே வெளியிட்டார்கள். வசூலில் சாதனை படைத்தது. 2021 ஜனவரியில் 'மாஸ்டர்' படத்தின் காட்சிகள் ரிலீஸுக்கு முன்பே கசிந்தன. தியேட்டரில் பாதி இருக்கைக்குத்தான் அனுமதி. அப்படியும் படம் நன்றாக ஓடியது.

ஆனால் இந்த உதாரணங்களில் ஒரு கோளாறு இருக்கிறது. இவையெல்லாம் தப்பிப் பிழைத்த படங்கள். ஆற்றில் வெள்ளம் வந்தபோது நீந்திக் கரையேறியவனிடம் போய், "வெள்ளத்தால் ஆபத்து உண்டா?" என்று கேட்பது போன்றது இது. அடித்துக்கொண்டு போனவன் பதில் சொல்ல வரமாட்டான். திருட்டுப் பிரதியால் இரண்டாம் நாளே கவிழ்ந்த சின்னப் படத்தின் பெயர் நம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஞாபகம் இருந்தால் அது கவிழ்ந்திருக்காது.

இதை முறையாக ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 3,60,000 யூரோ செலவழித்து ஓர் ஆய்வு நடத்தியது. 2015இல் முடிந்த அந்த ஆய்வை 2017 வரை வெளியே விடவில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதுதான்: இசை, வீடியோ கேம் போன்றவற்றில் திருட்டால் விற்பனை குறைந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆய்விலேயே புதிய வெற்றிப் படங்களுக்கு மட்டும் வேறு முடிவு. பத்துப் படம் திருட்டுத்தனமாகப் பார்க்கப்பட்டால், முறையாகப் பார்ப்பதில் நான்கு குறைகிறது. பத்துக்குப் பத்து என்று சினிமாக்காரர்கள் சொல்கிறார்கள். பத்துக்குப் பூஜ்யம் என்று நம் இளைஞர் சொல்கிறார். இரண்டும் இல்லை, நான்கு.

அமெரிக்காவில் 2014இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ரிலீஸுக்கு முன்பே கசிந்த படங்களை, ரிலீஸுக்குப் பின் திருடப்பட்ட படங்களோடு ஒப்பிட்டது. முன்பே கசிந்தவற்றின் தியேட்டர் வசூல் சுமார் 19 சதவீதம் குறைந்திருந்தது. 2012 ஜனவரியில் 'மெகாஅப்லோட்' என்ற பெரிய கோப்புத் தளத்தை அமெரிக்க அரசு மூடியபோது என்ன நடந்தது என்பதை வேறு சிலர் ஆராய்ந்தார்கள். தளம் மூடியதும் பெரிய படங்களுக்கு வசூல் கூடியதாகவும், நடுத்தர, சிறிய படங்களுக்கு மாறாகச் சற்றுக் குறைந்ததாகவும் கண்டார்கள். திருட்டுப் பிரதி பார்த்தவர்கள் நாலு பேரிடம் சொன்ன வாய்ச்சொல் அந்தச் சின்னப் படங்களுக்கு விளம்பரமாக இருந்ததாம். ஆகவே சின்னப் படத்துக்குத்தான் எப்போதும் நஷ்டம் என்று நானும் அடித்துச் சொல்வதற்கில்லை. விளம்பரத்துக்குக் காசில்லாத படத்துக்கு, பார்த்தவன் பேச்சுதான் போஸ்டர்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொரு ஆராய்ச்சி. ராகுல் தெலங், ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற இரு பேராசிரியர்கள் இந்திய சினிமாவையே எடுத்துக்கொண்டார்கள். டெக்கும் கேபிள் டிவியும் பரவிய 1985 முதல் 2000 வரையிலான காலம். படங்களின் வருமானம் சரிந்தது. அதன் விளைவாகப் புதிதாக எடுக்கப்படும் படங்களின் எண்ணிக்கையும் குறைந்தது. தரமும் குறைந்தது என்று எழுதியிருக்கிறார்கள். 1985 முதல் 2000. என் கேசட் கடை நடந்தது 1986 முதல் 1999 வரை. யாரோ எங்கோ உட்கார்ந்து என் கல்லாவைக் கணக்குப் பார்த்ததுபோல இருந்தது. அந்த ஆராய்ச்சி சொல்வது நடிகரின் சம்பளம் குறைந்தது என்பதல்ல. எடுக்கப்பட்டிருக்க வேண்டிய படங்கள் எடுக்கப்படவே இல்லை என்பது. வராமல்போன படத்துக்கு யாரும் அழ முடியாது அல்லவா?

சரி, அத்தானின் கொட்டகை என்ன ஆயிற்று? இப்போது அது கல்யாண மண்டபம். அதைக் கொன்றது நான்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்குச் சில சமயம் தோன்றும். அது கொஞ்சம் அகங்காரம். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் ஏஷியாநெட் வந்தது. அதற்கு முன்பெல்லாம் படம் முதலில் நாகர்கோவில் போன்ற ஊர்களில் ஓடும். பெட்டி மெதுவாகச் சின்ன ஊருக்கு இறங்கிவர மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் நான் புகுந்தேன். பிறகு ஒரே நாளில் எல்லா ஊரிலும் படம் போடும் வழக்கம் வந்ததும், பழைய பெட்டிக்குக் காத்திருந்த கொட்டகைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மரத்தைச் சாய்த்தது பல கோடாலிகள். அதில் ஒன்று என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

இன்றும் அப்படித்தான். கேரளத் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் 2024இல் வெளிவந்த 199 படங்களில் 26 மட்டுமே தேறின என்றும், நஷ்டம் 650 முதல் 700 கோடி வரை என்றும் சொன்னது. அதற்கு அவர்கள் முதலில் கைகாட்டியது நட்சத்திரங்களின் சம்பளத்தை. எல்லா நஷ்டத்தையும் திருடன் தலையில் கட்டுவது சௌகரியம். படம் நன்றாக இல்லை என்று யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்து நெய்யாற்றின்கரையோடு தொடர்புடைய ஜே.சி.டானியல், நிலத்தை விற்று 'விகதகுமாரன்' எடுத்து, கேரளத்தின் முதல் படத்தோடு நொடித்துப்போய், 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். அன்றைக்கு எந்தத் திருடனும் இல்லை. இன்று கேரள அரசின் உயர்ந்த திரைப்பட விருது அவர் பெயரில்!

இனி நம்மைப் பற்றி. "இங்கே தமிழ்ப் படம் வருவதில்லை, நாங்கள் என்ன செய்ய?" என்பதுதான் வெளியூர்த் தமிழர்கள் எப்போதும் சொல்லும் சமாதானம். என் காலத்தில் அதில் உண்மை இருந்தது. இன்று விஜய்யின் 'லியோ' (2023) கேரளத்தில் முதல்நாள் வசூலில் சாதனை படைக்கிறது; 'மஞ்சும்மல் பாய்ஸ்' (2024) என்ற மலையாளப் படம் தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடியைத் தாண்டுகிறது. எல்லைக்கு இரு பக்கமும் ஒரே நாளில் ஒரே படம் ஓடுகிறது. பாறசாலையைத் தாண்டினால் ஏரியா மாறும், விநியோகஸ்தர் மாறுவார். நமக்கு வேண்டியது டிக்கெட் மட்டுமே.

டிக்கெட் விலைதான் இடிக்கிறது என்பார்கள். அதுவும் பொய்யில்லை. நாலு பேர் உள்ள குடும்பம் நகரத்து மல்டிபிளக்ஸில் படம் பார்த்துப் பாப்கார்னும் வாங்கினால், ரப்பர் வெட்டும் ஆளின் ஒரு நாள் கூலி போதாது. விலையைக் குறைத்தால் திருட்டுக் குறையும் என்பதைச் சிலர் செய்தே பார்த்திருக்கிறார்கள். மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோது, நடைபாதையில் திருட்டுத் தட்டு விற்றவன் திண்டாடிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். அசலும் நகலும் ஏறக்குறைய ஒரே விலை என்றால் யார் நகலை வாங்குவார்? ஆனால் தட்டின் காலமே முடிந்தது. 2018இல் அந்த நிறுவனத்தைக் கலைக்க உத்தரவாயிற்று. 2013இல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச் வழியாக வீட்டுக்கே தர முயன்றார், தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள். 2015இல் சேரன் தன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை 50 ரூபாய் டிவிடியாக வீட்டு வாசலுக்கே அனுப்பினார். அந்தத் திட்டம் நிலைக்கவில்லை. 2024 மார்ச்சில் கேரள அரசு 'சி ஸ்பேஸ்' என்று ஒரு தளத்தைத் தொடங்கியது. ஒரு படத்துக்கு 75 ரூபாய், அதில் பாதி படம் எடுத்தவருக்கு என்ற ஏற்பாட்டோடு. தமிழ்நாட்டு அரசும் இப்படி ஒன்று செய்தால் மும்பையிலும் டில்லியிலும் இருக்கும் நம்மவர்கள் சந்தோஷமாகக் கட்டுவார்கள் என்பது என் எண்ணம்.

பென்டிரைவில் வரும் படம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 மார்ச்சில் கேரளப் போலீஸ் விழுப்புரம் வரை போய்ச் சிலரைப் பிடித்தது. 2024 ஜூலையில், இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய திருவனந்தபுரத்தில், தியேட்டரில் 'ராயன்' படத்தைச் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்த மதுரைக்காரர் ஒருவர் பிடிபட்டார். இருக்கையில் குளிர்பானம் வைக்கும் குழியில் போனைப் பொருத்தி வைத்திருந்தாராம். அதே ஆண்டு அக்டோபரில் 'அஜயன்டெ ரண்டாம் மோஷணம்' படத்தைக் கோயம்புத்தூர் தியேட்டரில் பதிவு செய்தவர்களைக் கொச்சி சைபர் போலீஸ் பெங்களூரில் பிடித்தது. (மோஷணம் என்றால் மலையாளத்தில் திருட்டு. படத்தின் பெயரே அது!) 2023இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி இதற்கு மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, அபராதம் மூன்று லட்சத்தில் தொடங்கிப் படச் செலவில் ஐந்து சதவீதம் வரை போகும். குழியில் போன் வைத்தவனுக்குச் சிறை. சூதாட்ட விளம்பரங்களை ஓட்டிப் பணம் பார்க்கிற தளத்தின் முதலாளி எந்தத் தேசத்தில் இருக்கிறானோ. என் கடையிலாவது பத்து ரூபாய் யாருக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆக, என் கணக்கு இதுதான். படத் திருட்டால் நஷ்டம் உண்டு. ஆனால் அவர்கள் சொல்கிற நஷ்டம் அல்ல. பெரிய நடிகரின் படத்துக்கு அது கொசுக்கடி. முதல் வாரத்தில் மூச்சு வாங்கும் படத்துக்கு அது கழுத்தில் கை. வீட்டில் தனியாகப் பழைய படம் பார்க்கிற கிழவியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் படம் வந்த மறுநாள், நூற்றைம்பது பேரை ஓரிடத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவது வேறு. போஸ்டர் ஒட்டினால் அதற்குப் பெயர் கொட்டகை. டிக்கெட் பணம் மட்டும் போக வேண்டியவருக்குப் போகாது. பொங்கலுக்கு அந்தப் பென்டிரைவ் வேண்டாம் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லப்போகிறேன்.

"அப்படியானால் அண்ணாச்சி, வேறு என்ன செய்வது?" என்று கேட்பார்கள். மார்த்தாண்டத்தில் ஒரு தியேட்டர் மேனேஜரிடம் பேசிவிட்டேன். ஐம்பது டிக்கெட்டுக்கு மேல் மொத்தமாக எடுத்தால் பகல் காட்சிக்கு ஒரு வரிசையை நமக்கென ஒதுக்கித் தருவதாகச் சொன்னார். பனச்சமூட்டில் இரண்டு வேன் விசாரித்து வைத்திருக்கிறேன். டீசல் நம் செலவு. அத்தானுக்கு எண்பத்திரண்டு வயசாகிறது, படி ஏற முடியாது. அவரையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். "டிக்கெட்டு நீதானே எடுக்கணும், மாப்ளே?" என்று கேட்டார். எடுக்கத்தான் வேண்டும்.